அனுமதி இல்லை என்று பொய் சொல்லும் 13

பிற்பகல் மூன்று மணி. செம்பனை ஆலையின் எடை மேடைக்கு முன்னால் குலை ஏற்றிய லாரிகள் நான்கு நிற்கின்றன. உள்ளே கிராணியின் (எழுத்தரின்) திரையில் ‘பெர்மிஷன் டினைட்’, அதாவது அனுமதி இல்லை, என்று வந்து நிரல் நின்றுவிடுகிறது. மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணத்தில் இதற்கு ஆளுக்கொரு வைத்தியம் வைத்திருக்கிறார்கள். வலது சொடுக்கு செய்து அட்மினாக ஓடவிடுவது முதல் வைத்தியம். கோப்புறைக்கு ‘எவ்ரிஒன், ஃபுல் கன்ட்ரோல்’ கொடுப்பது இரண்டாவது. வைரஸ் தடுப்பியை அணைப்பது மூன்றாவது. கடைசியில் கணினியை அணைத்துத் திறப்பார்கள், ஓடும். கடைசியாக எதைச் செய்தார்களோ அதுதான் மருந்து என்று எல்லாரும் நம்பிவிடுவார்கள். மறுநாள் அதே மூன்று மணிக்குத் தொலைபேசி: “தம்பி, மறுபடியும் பர்மிஷன் இல்லன்னு காட்டுதுப்பா, லாரி வெயிட்டிங்ல நிக்குது.”

லினக்ஸில் ஆண்டுக்கணக்கில் ஒரு குறையும் இல்லாமல் ஓடிய எடைக் கணக்கு நிரலையும் சம்பளப் பட்டியல் நிரலையும் விண்டோஸுக்குக் கொண்டுபோகும்போது வரும் கோப்புச் சிக்கல்களில் பெரும்பங்குக்கு அனுமதியோடு எந்தத் தொடர்பும் கிடையாது. அனுமதியைத் தோண்டுவதால் சிக்கல் தீராமல் போவது மட்டுமில்லை, சம்பளக் கோப்புறை எல்லாருக்கும் திறந்து கிடக்கிறது, வைரஸ் தடுப்பி அணைந்து கிடக்கிறது. தொழிலாளர்களின் அடையாள அட்டை எண்ணும் இபிஎஃப் (சேமநிதி) எண்ணும் இருக்கிற கணினி அது. ஆகவே இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்துவிடுவது நல்லது.

அந்தச் செய்தி பிறப்பது விண்டோஸில் அல்ல. நிரலுக்கும் விண்டோஸுக்கும் நடுவில் சி நூலகம் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. விண்டோஸ் தரும் பிழை எண்களை யூனிக்ஸ் பாணி ‘எர்நோ’ எண்களாக மாற்றித் தருவது அதன் வேலை. விண்டோஸின் 5 என்பது அணுக மறுப்பு. 32 என்றால் வேறொருவர் கோப்பைத் திறந்து வைத்திருக்கிறார். 33 என்றால் கோப்பின் ஒரு பகுதி பூட்டப்பட்டிருக்கிறது. மைக்ரோசாஃப்ட் சி நூலகத்தின் மாற்றுப் பட்டியலில் இந்த மூன்றும், உண்மையில் 19 முதல் 36 வரை உள்ள எல்லாப் பிழைகளும், ஒரே எண்ணாகச் சுருங்கிவிடுகின்றன: எர்நோ 13. அந்த 13-க்கு யூனிக்ஸ் உலகம் வைத்த வாசகம்தான் ‘பெர்மிஷன் டினைட்’. கோப்பு என்று நினைத்துக் கோப்புறையைத் திறந்தாலும் இதே 13 வரும். அதேபோல 260 எழுத்தைத் தாண்டிய பாதையைத் திறக்கப் போனால் ‘அப்படி ஒரு கோப்பு இல்லை’ என்று எர்நோ 2 வரும். கோப்போ கண்ணெதிரே இருக்கும். 13-ஐப் பார்த்து நோயைச் சொல்வது, காய்ச்சல் என்று கேட்டதும் மருந்து எழுதிக் கொடுப்பதற்குச் சமம்.

எண்ணைப் பிடிப்பது எப்படி

பிழை வந்த அதே வரியிலேயே, விண்டோஸின் கடைசிப் பிழை எண்ணைத் தரும் ‘கெட்லாஸ்ட்எரர்’ அழைத்து, அந்த எண்ணைப் பதிவேட்டில் எழுத வேண்டும். சி நூலகம் வழியாகப் போகிற நிரலில் ‘டாஸ்எர்நோ’ என்ற மாறி அதே மூல எண்ணை வைத்திருக்கும். நடுவில் திரையில் எழுத ஒரு ‘பிரின்ட்எஃப்’ போட்டாலும் எண் மாறிப்போகலாம், அதனால் முதலில் ஒரு மாறியில் எடுத்து வைத்துக்கொண்டு பிறகு மற்றதைச் செய்யுங்கள். பதிவு வரியில் நான்கு விஷயம் போதும்: செய்த செயல், முழுப் பாதை, மூல எண், நேரம் மில்லிவிநாடி வரை. முழுப் பாதை என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. நிரலை விண்டோஸ் சேவையாக ஓடவிட்டால் அதன் நடப்புக் கோப்புறை வழக்கமாக சிஸ்டம்32. சார்புப் பாதையை நம்பி எழுதிய நிரல் அங்கே போய்த் தேடிவிட்டுக் கோப்பு இல்லை என்று சொல்லும்.

மூல நிரலில் கை வைக்க முடியாத இடத்தில் மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் ப்ராசஸ் மானிட்டர் இருக்கிறது, எந்த நிரல் எந்தக் கோப்பைத் தொடுகிறது என்று காட்டும் கருவி. லினக்ஸில் எஸ்ட்ரேஸ் செய்கிற வேலையை இங்கே அது செய்யும். அட்மினாகத் திறந்து இரண்டு வடிகட்டி வையுங்கள். ப்ராசஸ் நேம் நம் நிரலின் பெயராக இருக்க வேண்டும், ரிசல்ட் ‘சக்ஸஸ்’ அல்லாததாக இருக்க வேண்டும். பட்டியலில் ‘நேம் நாட் ஃபவுண்ட்’ நூற்றுக்கணக்கில் வரும், பயப்படத் தேவையில்லை. நூலகங்களைத் தேடும்போது அது இயல்பு. ‘ஷேரிங் வயலேஷன்’, ‘டெலீட் பென்டிங்’, ‘நேம் கொலிஷன்’ மூன்றையும் தேடுங்கள். கிடைத்ததும் இரண்டு வடிகட்டிகளையும் எடுத்துவிட்டு, அந்தக் கோப்பின் பாதையை மட்டும் வடிகட்டியாக்குங்கள். அதே நொடியில் அந்தக் கோப்பைத் தொட்ட மற்ற நிரல்களெல்லாம் வரிசையில் வந்து நிற்கும். ‘டீட்டெயில்’ பத்தியில் ‘ஷேர்மோட்’ என்று ஒன்று இருக்கும். கோப்பைத் திறக்கும் சி நூலக அழைப்பான எஃப்ஓபன் திறந்த கோப்பாக இருந்தால் அங்கே ‘ரீட், ரைட்’ என்று மட்டும் போட்டிருக்கும், ‘டெலீட்’ இருக்காது. எடை மேடைச் சிக்கலின் வேர் இந்த ஒரு சொல் இல்லாமையில்தான் இருக்கிறது.

பெயர் வேறு, கோப்பு வேறு

லினக்ஸில் ஒரு கோப்பின் பெயர் கோப்புறையில் எழுதிய ஒரு வரி மட்டுமே. உண்மையான கோப்பு ஐநோட். ஒருவர் கோப்பைத் திறந்து படித்துக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் பெயரை அழிக்கலாம், அதே பெயரில் புதிய கோப்பை வைக்கலாம். படிப்பவர் கையில் பழைய ஐநோட் இருக்கும், அவர் நிம்மதியாகப் படித்து முடிப்பார். கடைசிக் கை விட்டதும் வட்டில் இடம் காலியாகும். இந்த வசதியை நம்பித்தான் லினக்ஸ் நிரலர்கள் தலைமுறை தலைமுறையாக ஒரு வழக்கத்தை வைத்திருக்கிறார்கள்: தற்காலிகக் கோப்பில் எழுது, வட்டில் இறக்கு, பிறகு பழைய பெயரின் மேல் ரீநேம் செய். படிப்பவருக்குப் பழையது முழுதாகக் கிடைக்கும், அல்லது புதியது முழுதாகக் கிடைக்கும். அரைகுறை கிடைக்காது. மிக நேர்த்தியான வழக்கம் அது.

விண்டோஸில் திறந்த கோப்பும் அதன் பெயரும் ஒன்றோடொன்று கட்டுண்டவை. திறக்கும்போதே ‘நான் வைத்திருக்கும்வரை மற்றவர்கள் என்னென்ன செய்யலாம்’ என்று சொல்லித் திறக்க வேண்டும். படிக்கலாம், எழுதலாம், அழிக்கலாம் என்று மூன்று பங்கு அனுமதிகள். மூன்றாவதைத் தராமல் திறந்தால், கையை விடும்வரை யாராலும் அழிக்கவோ பெயர் மாற்றவோ முடியாது, பிழை 32. அட்மினாக இருந்தாலும் கதை இதுதான். சி நூலகமும் பைத்தானின் ஓபனும் மூன்றாவதைத் தருவதில்லை. ரஸ்ட் மொழியின் நூலகம் மூன்றையும் தந்துதான் திறக்கிறது.

எடை மேடையில் நடப்பதை இப்போது பார்க்கலாம். எடை நிரல் விநாடிக்கு ஒருமுறை நிலைக் கோப்பை எழுதி ரீநேம் செய்கிறது. வெளியே லாரி ஓட்டுநர் பார்க்கும் பெரிய எண் பலகைக்கான நிரல் அதே கோப்பைப் படிக்கிறது. விண்டோஸுக்கு மாற்றியவுடன் முதல் ரீநேமே தோற்கும், ஏனென்றால் அங்கே சி நூலகத்தின் ரீநேம் ஏற்கெனவே இருக்கும் பெயரின் மேல் வைக்காது, பிழை 183. மாற்றுபவர் என்ன செய்வார்? முன்னால் ஒரு ‘ரிமூவ்’ வரி சேர்ப்பார். சோதனையில் ஓடும். இங்கேதான் எல்லாம் கெடுகிறது. ரிமூவுக்கும் ரீநேமுக்கும் நடுவில் கோப்பே இல்லாத ஒரு கணம் பிறந்துவிட்டது. அந்தக் கணத்தில் மின்சாரம் போனால் அன்றைய நிலை காணாமல் போகும், பிற்பகலில் இடி மழை பெய்கிற ஊரில் இது வெறும் கற்பனை அல்ல. பலகை நிரல் படித்துக்கொண்டிருக்கும் மில்லிவிநாடியில் ரிமூவ் வந்தாலோ 32 விழும், அது 13 ஆகும், திரையில் அனுமதி இல்லை என்று வரும். காலையில் லாரி குறைவு, மோதல் அரிது. பிற்பகலில் வரிசை கட்டும்போது மோதல் கூடுகிறது. கணினியை அணைத்துத் திறந்தால் எல்லாக் கைகளும் விட்டுப்போவதால் சரியானது போலத் தெரிகிறது.

ரிமூவ் வரியை எடுத்துவிட்டு ‘மூவ்ஃபைல்எக்ஸ்’ அழைப்பைப் பயன்படுத்த வேண்டும். அதில் ‘ரீப்ளேஸ் எக்ஸிஸ்டிங்’, ‘ரைட் த்ரூ’ இரண்டு கொடிகளையும் ஏற்றுங்கள். பைத்தானில் இதற்கு ஓஎஸ் தொகுதியின் ‘ரீப்ளேஸ்’, 3.3 பதிப்பிலிருந்து இருக்கிறது. தற்காலிகக் கோப்பு அதே கோப்புறையில் இருக்கட்டும். டெம்ப் கோப்புறை வேறு வட்டில் இருந்தால் மாற்றம் ஒரே வீச்சில் நடக்காது. ஆனால் இதோடு முடியவில்லை, பலரும் இங்கேதான் நிறுத்திவிடுகிறார்கள். இலக்குக் கோப்பை யாராவது திறந்து வைத்திருந்தால், அவர் ‘அழிக்கலாம்’ என்ற பங்கைத் தந்து திறந்திருந்தாலும்கூட, பழைய முறை மாற்றம் பிழை 5 தரும். திறந்த கோப்பின் மேலேயே மாற்றி வைக்க வேண்டுமென்றால் விண்டோஸ் 10-ன் 1607 பதிப்பிலிருந்து வந்த பாசிக்ஸ் (யூனிக்ஸ் பொதுத் தரம்) பாணி ரீநேம் கொடி தேவை. அது முடியாத இடத்தில் படிப்பவர் ஒழுங்கு காக்க வேண்டும்: திற, மொத்தத்தையும் நினைவகத்துக்கு எடு, உடனே மூடு, அதன்பிறகு அலசு. வரி வரியாகப் படித்துக்கொண்டே திரையில் வரைகிற நிரல்தான் கோப்பை அரை விநாடி பிடித்துக்கொண்டு மற்றவரைத் தடுக்கிறது.

அதோடு மறுமுயற்சி கட்டாயம். நம் இரண்டு நிரலும் ஒழுங்காக நடந்தாலும், புதிதாக எழுதிய கோப்பை வைரஸ் தடுப்பியும் தேடல் அட்டவணையும் ஓடிவந்து திறந்து பார்க்கும். எஸ்கியூலைட் தரவுத்தளமே விண்டோஸில் இதற்கென்று பத்து முறை முயல்கிறது. முதல் முறைக்கு முன் 25 மில்லிவிநாடி காத்திருக்கும், ஒவ்வொரு முறையும் இன்னொரு 25 கூட்டும், மொத்தம் 1,375 மில்லிவிநாடி. அந்த அளவே எடை மேடைக்கும் போதும். 5, 32, 33 மூன்றுக்கு மட்டும் மறுபடி முயலுங்கள். 2 (கோப்பு இல்லை), 3 (பாதை இல்லை), 123 (தவறான பெயர்), 206 (மிக நீண்ட பெயர்) போன்றவை எத்தனை முறை கேட்டாலும் மாறாது, உடனே நிறுத்திச் சொல்லிவிட வேண்டும்.

5 வந்து மறுமுயற்சியிலும் தீராவிட்டால் ‘ரீட் ஒன்லி’ (படிக்க மட்டும்) குறியைப் பாருங்கள். லினக்ஸில் கோப்பை அழிக்க முடியுமா என்பதைக் கோப்புறையின் அனுமதிதான் முடிவு செய்கிறது. மாதக் கணக்கு முடிந்ததும் 0444 என்று, அதாவது படிக்க மட்டும் என்று, பூட்டி வைத்த கோப்பைக்கூட அடுத்த ரீநேம் மாற்றிவிடும். விண்டோஸில் அந்தக் குறி இருக்கும்வரை அழிப்பும் மாற்றமும் 5-ல் நிற்கும். அட்மினாக ஓடினாலும் நிற்கும்.

6,656 கிலோ

இன்னொரு வகைக் கோளாறு பிழைச் செய்தியே தராது. எடைப் பதிவுகளை நான்கு பைட் எண்களாகக் கோப்பில் வைத்திருக்கும் நிரலை எடுத்துக்கொள்ளுங்கள். 6,700 கிலோ எடையுள்ள ஒரு லாரிச் சுமை வட்டில் 44, 26, 0, 0 என்று விழும். விண்டோஸின் சி நூலகத்தில் வெறும் ‘ஆர்’ என்று சொல்லித் திறந்தால் அது உரை முறை. உரை முறையில் 26 என்ற பைட்டைப் பார்த்ததும் கோப்பு முடிந்தது என்று முடிவு கட்டிவிடும். லினக்ஸிலிருந்து கொண்டுவந்த பழைய பதிவில் 6,656 முதல் 6,911 கிலோ வரை ஏதாவது ஒரு சுமை இருந்தால் கணக்கு அந்த லாரியோடு நின்றுவிடும். அதற்குப் பிறகு வந்தவை மொத்தக் கூட்டலில் இல்லை. பிழையும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. 1970-களின் சிபி/எம் இயங்குதளம் கோப்பு நீளத்தை 128 பைட் தொகுதிகளாக மட்டுமே கணக்கு வைத்திருந்தது. உரை எங்கே முடிகிறது என்று காட்ட 26-ஐ வைத்தார்கள். அந்த அடையாளம் டாஸ் வழியாக இன்றுவரை வந்து செம்பனைக் குலை எடையை விழுங்குகிறது.

எழுதும்போது வேறொரு சேதம். 2,600 கிலோ என்பது 40, 10, 0, 0. உரை முறையில் எழுதினால் 10-க்கு முன்னால் ஒரு 13 நுழைந்துவிடும், நான்கு பைட் ஐந்தாகும். (இந்த 13 வரி முடிவுக் குறி, மேலே சொன்ன பிழை எண்ணோடு சம்பந்தமில்லை.) அதே உரை முறையில் திரும்பப் படித்தால் 13 மறைந்துபோகும் என்பதால் கோளாறு வெளியே தெரியாது. கோப்பைத் தலைமை அலுவலகத்து லினக்ஸ் சேவையகத்துக்கு அனுப்பும் நாளில் அந்தப் பதிவுக்குப் பிந்திய எல்லா எண்ணும் ஒரு பைட் நகர்ந்திருக்கும். சந்தேகம் வந்தால் கோப்பின் அளவைப் பதிவின் அளவால் வகுத்துப் பாருங்கள். மீதி வந்தால் உள்ளே 13 நுழைந்திருக்கிறது.

மருந்து எளிது: எல்லா எஃப்ஓபன் அழைப்பிலும் ‘பி’ சேர்த்து ‘ஆர்பி’, ‘டபிள்யூபி’ ஆக்குங்கள். லினக்ஸ் அதைக் கண்டுகொள்ளாது, ஆகவே இரண்டு தளத்துக்கும் ஒரே மூல நிரல் போதும். குழாய் வழியாகத் தரவு அனுப்புகிற நிரலில் உள்ளீடு, வெளியீடு இரண்டையும் ‘செட்மோட்’ அழைத்து இரும முறைக்கு மாற்ற மறக்க வேண்டாம். கோப்பு பெரிதாகும் இடங்களில் ‘எஃப்டெல்’, ‘எஃப்சீக்’ இரண்டையும் பாருங்கள். 64 பிட் விண்டோஸிலும் ‘லாங்’ 32 பிட்தான், 2,147,483,647 பைட்டுக்கு மேல் நகர 64 பிட் வடிவங்கள் வேண்டும்.

ஏ/எல், ஏ/பி, கான்

சம்பளச் சீட்டுகளைத் தொழிலாளர் பெயரிலேயே கோப்பாக வைக்கும் வழக்கம் தோட்டங்களில் உண்டு. நம்மவர் பெயரின் நடுவே ‘ஏ/எல்’ (மகன்) அல்லது ‘ஏ/பி’ (மகள்) இருக்கும், அந்தச் சாய்கோடு இரண்டு தளத்திலும் கோப்புறைப் பிரிப்பான். லினக்ஸ் நிரலர் அதைப் பின்சாய்கோடாக மாற்றித் தப்பித்திருப்பார், அங்கே அது சாதாரண எழுத்து. விண்டோஸில் பின்சாய்கோடும் பிரிப்பான் என்பதால் இல்லாத கோப்புறையைத் தேடிப் பிழை 3 வரும். முக்காற்புள்ளியாக மாற்றியிருந்தால் இன்னும் மோசம். விண்டோஸின் கோப்பு அமைப்பான என்டிஎஃப்எஸ்ஸில் முக்காற்புள்ளிக்குப் பின்னால் வருவது அதே கோப்பின் மறைந்த இணை ஓடை. எழுதியது வெற்றி என்று வரும், கோப்புறையில் பாதிப் பெயரோடு 0 பைட் கோப்பு ஒன்று தெரியும், சீட்டு அதற்குள் ஒளிந்திருக்கும். நேரத்தை 10:30 என்று பெயரில் வைக்கும் பதிவேடுகளுக்கும் இதே கதி. மாதம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளம் கொடுத்தாக வேண்டிய சட்டம் இருக்கும்போது, 6-ம் தேதி இரவு இதைக் கண்டுபிடிப்பது யாருக்கும் வேண்டாம். பணியாளர் எண்ணைக் கோப்புப் பெயராக்கி, ஆளின் பெயரைச் சீட்டுக்குள் வைப்பதே சரி.

ஒப்பந்தத் தொழிலாளர் பிரிவுக்கு ஆங்கிலத்தில் ‘கான்’ என்று மூன்றெழுத்துக் குறியீடு வைப்பது எவ்வளவு இயல்பு! ஆனால் கான், பிஆர்என், ஆக்ஸ், நல், காம்1 முதல் காம்9, எல்பிடி1 முதல் எல்பிடி9 எல்லாம் டாஸ் காலத்துச் சாதனப் பெயர்கள். விண்டோஸ் 10-ல் பின்னொட்டு சேர்த்தாலும் விடாது. ‘கான்.சிஎஸ்வி’ என்று எழுதத் திறந்தால் கோப்பு உருவாகாது, தரவு திரையில் கொட்டும். லினக்ஸ் கர்னலின் மூல நிரலிலேயே ‘ஆக்ஸ்.சி’ என்ற கோப்புகள் உண்டு. பெரிய, சிறிய எழுத்தால் மட்டும் வேறுபடும் நெட்ஃபில்டர் தலைப்புக் கோப்புகளும் உண்டு. விண்டோஸில் அவற்றை இறக்கினால் ஒன்றன் மேல் ஒன்று விழும். மாற்றத் தொடங்குமுன் லினக்ஸ் பக்கத்திலேயே எல்லாப் பெயரையும் சிறிய எழுத்தாக்கி வரிசைப்படுத்தி, இரட்டை வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

தமிழ்ப் பெயருள்ள கோப்புகளுக்கு வேறொரு கவனம் தேவை. விண்டோஸில் தமிழுக்கென்று ஆன்சி குறிப்பக்கமே (பழைய பாணி எழுத்து அட்டவணை) கிடையாது, யூனிகோடு மட்டும்தான். நம் நிரல் யூடிஎஃப்-8 பைட்டுகளை எஃப்ஓபனிடம் கொடுத்தால், அது 1252 என்ற மேற்கு ஐரோப்பியக் குறிப்பக்கமாகப் படித்து, ஒவ்வொரு தமிழ் யூனிகோடு குறியீட்டுக்கும் மூன்று ஐரோப்பிய எழுத்து கொண்ட பெயரை உருவாக்கிவிடும். நடுவில் ® குறி திரும்பத் திரும்பத் தெரிந்தால் அதுதான். பழைய வகைக் கோப்புறைப் பட்டியல் அழைப்போ தமிழை ???? என்று தரும். அந்தப் பெயரையே திருப்பித் திறக்கப் போனால் பிழை 123, ஏனென்றால் கேள்விக்குறி பெயரில் வரக்கூடாது. விண்டோஸ் 10-ன் 1903 பதிப்பிலிருந்து நிரலோடு வரும் விவரக் கோப்பான மேனிஃபெஸ்டில் யூடிஎஃப்-8 குறிப்பக்கத்தை அறிவிக்கலாம். அதற்கு முந்தியவற்றில் அகல எழுத்து அழைப்புகள்தான் வழி. திரும்பும் பாதையையும் யோசியுங்கள்: என்டிஎஃப்எஸ் 255 குறியீடு வரை பெயர் ஏற்கும், லினக்ஸின் கோப்பு அமைப்பான எக்ஸ்ட்4 ஏற்பது 255 பைட். புள்ளியும் கொம்பும் தனிக் குறியீடு என்பதால் தமிழில் அது 85 குறியீடு மட்டுமே. விண்டோஸில் நீளமாகப் பெயரிட்ட தோட்ட அறிக்கை, காப்பு எடுக்கும் லினக்ஸ் பெட்டியில் நகலாகாமல் போவது இதனால்தான்.

ஒன்று பாக்கி. எல்லாம் சரிசெய்த பிறகும் எப்போதாவது 32 வரத்தான் செய்யும். யாராவது அந்தக் கோப்பை எக்செலில் திறந்து வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போயிருப்பார்கள். அப்போது கிராணி பார்க்கப்போவது ‘பெர்மிஷன் டினைட்’ ஆக இருக்க வேண்டாம். விண்டோஸின் ரீஸ்டார்ட் மேனேஜர் அழைப்புகள் எந்த நிரல் கோப்பைப் பிடித்திருக்கிறது என்று சொல்லும். அதைக் கேட்டு, திரையில் இப்படி எழுதுங்கள்: ‘எடைப் பட்டியல் எக்செலில் திறந்திருக்கிறது. அதை மூடிவிட்டு மறுபடி அழுத்தவும். பிழை 32.’